மேக்கப் இல்லாத பேய்

தணிகைவேல் அந்தக் கேள்வியைக் கேட்டபோது இயக்குநர் அற்புதமேரி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், 'மூன்றாம் கட்டு' படத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லி ஒரு தயாரிப்பாளர் வந்திருக்கார். பழசே நல்லா இருக்கும்போது புதுசு எதுக்குன்னு பாதிப் பேர் திட்டுறாங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்க பழசைப் பார்க்கமாட்டாங்க, தைரியமா எடுன்னு மீதிப் பேர் சொல்றாங்க. அதை எடுத்தவங்க நீங்க. நீங்க சொல்லுங்க. அப்படிப்பட்ட ஒரு பேய்ப் படத்தை மறுபடி எடுக்கிறதுல ஏதாவது பிரயோஜனம் இருக்கா?"

அற்புதமேரி இருபத்தைந்து வயதில் எடுத்த படம் அது. பள்ளி நாட்களில் பார்த்த அதை மறக்க முடியாமல்தான் தணிகைவேல் பின்னாளில் வங்கி வேலையை விட்டான்; அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தான். வயதில் அவனைவிட அவர் பத்து வருடம்தான் பெரியவர். ஆனாலும் இன்றுவரை அவர் எதிரில் அவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை.

"எப்படி எடுக்கப்போறே?"

"அப்படியேதான் மேடம். ரத்தம் கிடையாது, கோரைப்பல் கிடையாது. சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பொம்பளை எட்டிப் பார்த்து 'சாப்பிட்டியா?'ன்னு கேட்கணும். மேக்கப்பே இருக்கக்கூடாது. அதுதானே அந்தப் படம்!"

"யாரு அந்தப் பொம்பளை?"

"நம்ம உமையாள்தான்." உமையாள் அவன் மனைவி. "இத்தனை வருஷமா நாடகத்துல நடிக்கிறா. பேர் சொல்ற மாதிரி ஒரு வேஷம் வரலையேன்னு ஏங்கிட்டிருந்தா. விஷயத்தைச் சொன்னதும் அழுதுட்டா மேடம்."

அற்புதமேரி அரிவாள்மணையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"நாளைக்குக் காலையில அரக்கோணம் போறேன். நீயும் வா."

"அங்கே என்ன மேடம்?"

"வா."

ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில் ஒரு சின்ன வீடு. ஜன்னலில் 'இட்லி மாவு கிடைக்கும்' என்று எழுதிய அட்டை தொங்கியது. கதவு சாத்தியிருந்தது. அற்புதமேரி ஓரமாக நின்றுகொண்டார்.

"தட்டு."

அவன் தட்டினான். கதவு பாதி திறந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைச் சற்றே சாய்த்து, ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ!"

கத்தியது தான்தான் என்பது தணிகைவேலுக்கு உடனே புரியவில்லை. பின்னால் நகர்ந்தவன் படி இருப்பதை மறந்தான். தெருவில் மல்லாந்து விழுந்தான். முழங்கை உராய்ந்து ரத்தம் வந்தது. எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் அவனைப் பார்த்தாள். பிறகு எதுவும் நடக்காததுபோல மறுபடி குனிந்துகொண்டாள்.

கதவருகே நின்ற பெண்ணின் தலை முழுக்க நரைத்திருந்தது. ஆனால் அந்த முகம் அதே முகம். அவன் பள்ளிக்கூட நாட்களில் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு நினைத்து நினைத்து நடுங்கிய முகம்.

அவர் சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "அடி பலமா தம்பி?" என்று கேட்டுவிட்டு அற்புதமேரியின் பக்கம் திரும்பினார். "ஏன் மேரி, சொல்லிக் கூட்டிட்டு வரக்கூடாதா?"

"சொல்லியிருந்தா இவன் நடிச்சிருப்பான்."

அவர் பெயர் செங்கமலம். அந்த ஒரு படம்தான் நடித்தார். தணிகைவேலை உட்காரவைத்து முழங்கையில் மஞ்சள் வைத்தார். அவன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு பயமா என்று அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"மன்னிச்சுக்கோங்கம்மா."

"இதுல என்ன இருக்கு? மேக்கப் போட்டு நடிச்சிருந்தா அன்னைக்கே கழுவிட்டு வந்திருப்பேன். இதை எங்கே போய்க் கழுவுறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜன்னலில் ஒரு தூக்குவாளி தட்டப்படும் சத்தம் கேட்டது. வெளியே நின்ற பெண் வாளியை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பித் தெருவைப் பார்த்து நின்றாள். செங்கமலம் மாவை ஊற்றி வாளியை நகர்த்தினார். அந்தப் பெண் கையை மட்டும் பின்னால் நீட்டி அதை எடுத்துக்கொண்டு போனாள்.

"எப்பவும் இப்படித்தானா?" என்றான் தணிகைவேல்.

"தங்கமான பொண்ணு. எனக்கு ஜுரம்னா கஞ்சி கொண்டுவந்து இதே ஜன்னல்ல வைக்கும். முகத்தை மட்டும் பார்க்காது. சின்ன வயசுல டிவியில பார்த்துப் பயந்ததாம். நான் என்ன பண்றது?"

"உங்க வீட்டுல யாரும்..."

"ஒரே பையன். புனேயில இருக்கான். அவனுக்கு ஆறு வயசு இருக்கும்போது ஒரு பொங்கலுக்கு அந்தப் படத்தை டிவியில போட்டாங்க. நான் அடுப்படியில இருந்தேன். அவன் பக்கத்து வீட்டுல உட்கார்ந்து பார்த்திருக்கான். எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவன்கிட்ட கதவுப் பக்கமா எட்டிப் பார்த்து, 'சாப்பிட்டியாடா?'ன்னு கேட்டேன்."

அவர் நிறுத்தி, முந்தானையால் மறுபடி வாயை மூடிக்கொண்டார். அடுத்ததைச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"அதுக்கப்புறம் என் கையால அவன் சாப்பிடவே மாட்டான். எங்க அம்மாதான் ஊட்டுவாங்க. அந்த வார்த்தையை நான் விட்டுட்டேன். 'பசிக்குதா'ன்னுதான் கேட்பேன். இப்பவும் ஞாயித்துக்கிழமை ஆனா போன் பண்ணுவான், ரொம்பப் பாசமாப் பேசுவான். வீடியோ மட்டும் வேண்டாம்மா, சிக்னல் சரியில்லைன்னுடுவான்."

தணிகைவேல் தன் ஆசிரியரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றான் அவன். "நாங்க அந்தப் படத்தைத் திரும்ப எடுக்கிறதா ஒரு பேச்சு இருக்கு. உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா இப்பவே விட்டுடறேன். உங்க மனசு புண்படுற மாதிரி..."

செங்கமலம் எழுந்தே விட்டார். முந்தானை வாயிலிருந்து நழுவியது.

"நிஜமாவா? மேரி, நிஜமாவா சொல்றாரு?" அவர் குரல் உடைந்தது. "எடுங்க தம்பி. சீக்கிரம் எடுங்க. நல்லாப் பயமா எடுங்க. எல்லாரும் என்னை மறந்துபோற அளவுக்குப் பயமா எடுங்க! இனிமே பேய்னா அந்தப் புது முகம்தான் ஞாபகம் வரணும். என் பையனுக்கும்."

அவன் இதை எதிர்பார்க்கவே இல்லை. திட்டுவார் அல்லது அழுவார் என்று நினைத்திருந்தான். அவர் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கண்டிப்பா மேக்கப் இல்லாமத்தானே எடுப்பீங்க? அப்பத்தான் ஒட்டும். யாரு தம்பி நடிக்கிறது?"

அவன் முழங்கையில் இருந்த மஞ்சளைத் தடவினான்.

"பேரு சொல்லக்கூடாதா? சினிமா ரகசியமா?"

"என் மனைவி," என்றான்.

கூப்பிய கைகள் மெல்லக் கீழே இறங்கின.

"குழந்தை இருக்கா?"

"இருக்கு. பொண்ணு. ஒண்ணாவது படிக்கிறா."

செங்கமலம் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பை நிறைய மாவு இருந்தது. அதை அவன் மடியில் வைத்தார்.

"குழந்தைக்குத் தோசை ஊத்திக் கொடுங்க," என்றார்.



நடைமேடையில் சென்னை ரயிலுக்காகக் காத்திருந்தார்கள். மாவுப் பை தணிகைவேலின் மடியில் இருந்தது.

"மேடம், நான் எடுத்தா உமையாள் அப்படி ஆயிடுவா. எடுக்கலைன்னா அந்த அம்மா அப்படியே இருப்பாங்க. எடுக்கிறதுல பிரயோஜனம் இருக்குன்னு காட்டக் கூட்டிட்டு வந்தீங்களா, இல்லைன்னு காட்டவா?"

"உமையாளைக் கூட்டிட்டு இன்னொரு தடவை வா. கதவை அவ தட்டட்டும். அதுக்கப்புறமும் நடிக்கிறேன்னு சொன்னான்னா படத்தோட உரிமையை எழுதித் தர்றேன்."

"அவ சொல்லிடுவா மேடம். அந்த வேஷத்துக்காக அவ எதையும் கொடுப்பா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"செங்கமலமும் அன்னைக்கு அப்படித்தான் சொன்னா."

"நீங்க எப்படி மேடம் எடுத்தீங்க?"

ரயில் உள்ளே வந்தது. அற்புதமேரி தன் பையை எடுத்துக்கொண்டார்.

"நான் தெரியாம எடுத்தேன். நீ தெரிஞ்சுதான் எடுக்கணும்."