கொடுப்பதும் எடுப்பதும் இல்லாத நாடு

கடலுக்கு அப்பாலிருந்து வந்த மரக்கலங்கள் முசிறித் துறையில் மிளகுக்காகக் காத்துக் கிடந்த காலம் அது. உங்கள் பாட்டன்மாருக்குப் பாட்டன்மாரும் பிறந்திராத காலம். கேளுங்கள், கேள்விகளைக் கதை முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் துறையில் ஆதன் என்றொரு மிளகு வணிகன் வாழ்ந்தான். அவன் மனைவி எயினி. இருவரும் கிறிஸ்துவின் வழியைப் புதிதாகத் தழுவியவர்கள். வழிதான் புதிது, அவர்களுடைய சண்டை பழையது.

காலையில் உப்புக்காகச் சண்டை. பகலில் ஊர்ப்பேச்சுக்காகச் சண்டை. மாலையில், காலைச் சண்டையில் வென்றது யார் என்பதற்காகச் சண்டை. அண்டை வீட்டார் அதைக் கேட்டே பொழுதை அறிந்தனர்.

சபைக்கு மூப்பராக இருந்தவர் அசரியா. அவர் மணமாகாதவர், ஆகவே இல்லறத்தைப் பற்றி அஞ்சாமல் பேசுவார். ஒரு ஞாயிறன்று அவர் சபையாருக்கு மறுமையைப் பற்றி உரைத்தார்.

"விண்ணுலகில் பெண் கொடுப்பதும் இல்லை, பெண் எடுப்பதும் இல்லை. அங்கே எல்லாரும் வானவரைப்போல் வாழ்வார்கள்."

"அப்பாடா," என்றான் ஆதன்.

மெல்லச் சொல்வதாகத்தான் அவன் நினைத்தான். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பலர் சிரித்தனர். எயினி சிரிக்கவில்லை.

வீடு சேர்ந்ததும் ஆதன் தண்ணீர் கேட்டான். எயினி செம்பை இரு கைகளாலும் ஏந்தி வந்து, தலை தாழ்த்தி, "அருந்துங்கள், சகோதரரே," என்றாள். விருந்தாளி எவரோ வந்திருக்கிறார் என்று எண்ணி, ஆதன் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். அங்கே ஒருவரும் இல்லை.

"என்னடி இது, சகோதரர்?"

"தாங்களும் கேட்டீர்கள் அல்லவா? கொடுக்கவும் எடுக்கவும் முடியாத உறவுக்கு நம் நாட்டில் என்ன பெயர்? உடன்பிறப்பு. அங்கே போய்த் தடுமாறுவானேன்? இங்கேயே பழகிக்கொள்வோம்."

ஆதன் மகிழ்ந்தான். இருந்த இடத்திலேயே விண்ணுலகம் கிடைத்துவிட்டது என்று கருதினான். அன்று நன்றாக உறங்கினான்.

மறுநாள் குழம்பில் உப்புக் கூடியிருந்தது. "உப்பு அதிகம்," என்றான். "தாங்கள் சொல்வது சரியே, சகோதரரே," என்றாள். பழக்கம் விடவில்லை, "புளியும் அதிகம்," என்றான். "அதுவும் சரியே," என்றாள். சற்று யோசித்து, "சூரியன் மேற்கே உதிக்கிறான்," என்றான். "சரியே, சகோதரரே," என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆதனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மழையில் நனைந்து, தும்மிக்கொண்டே வீடு திரும்பினான். முன்பெல்லாம் எயினி அவன் தலையைத் துவட்டியபடி, அவனுக்கு அறிவு வந்த நாளே இல்லை என்று முடிவில்லாமல் ஏசுவாள். அன்று உலர்ந்த துணியொன்றை நீட்டி, "ஆண்டவர் தங்களைக் காப்பாராக," என்றாள். வாசலில் ஒதுங்கி நின்ற படகோட்டி ஒருவனுக்கும் உலர்ந்த துணியொன்றை நீட்டி, "ஆண்டவர் தங்களைக் காப்பாராக," என்றாள். அதே துணி, அதே சொல், அதே புன்னகை.

ஆதன் ஈரத் தலையோடு மூப்பரின் வீட்டுக்கு ஓடினான். எயினியும் பின்னால் போனாள், அவள் ஓடவில்லை.

"மூப்பரே, என்னைச் சபையிலிருந்து நீக்கிவிடுங்கள். அந்த விண்ணுலகம் எனக்கு வேண்டாம்."

"அதில் என்ன குறை கண்டாய்?"

"அங்கே என் மனைவி எல்லாரிடமும் ஒரே அளவில் நல்லவளாக இருக்கப் போகிறாள். மூன்று நாள் பார்த்துவிட்டேன். என்னால் தாங்க முடியவில்லை."

அசரியா எயினியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"சரி, கேட்பதற்கு விடை சொல்," என்றார் மூப்பர். "அங்கே பசி இல்லை. சமைத்துப் போட இவள் வேண்டுமா?"

"வேண்டாம்."

"அங்கே நோய் இல்லை. அருகிருந்து கவனிக்க இவள் வேண்டுமா?"

"வேண்டாம்."

"அங்கே முதுமை இல்லை. கைப்பிடித்து நடத்த இவள் வேண்டுமா?"

"வேண்டாம்," என்றான் ஆதன். குரல் தாழ்ந்திருந்தது.

"பிறகு எதற்காக இவளைக் கேட்கிறாய்?"

ஆதன் விரல்களை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தான். அவன் வணிகன், பயனில்லாத ஒன்றை வேண்டும் என்று கேட்டுப் பழகாதவன்.

"எதற்காகவும் இல்லை," என்றான் கடைசியில். "இவள் இல்லாவிட்டால் அது எத்தனை ஒளியுள்ள இடமானாலும் எனக்கு அயலூர். இவள் இருக்க வேண்டும். அவ்வளவுதான்."

அசரியா தலையசைத்தார். "கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு வீட்டார் செய்துகொள்ளும் ஏற்பாடு. சோறும் துணையும் உரிமையும் அதில் அடங்கும்; அது மண்ணோடு முடியும். நீ இப்போது சொன்னது எந்த வீட்டாரும் பேசி முடித்ததன்று. அதை முடித்துவைக்க எவராலும் ஆகாது."

ஆதன் மனைவியின் பக்கம் திரும்பினான். "கேட்டாயா?"

"காது இருக்கிறது, கேட்டேன். அங்கே கூட்டம் மிகுந்திருக்கும். நீர்தான் என்னைத் தேடி வர வேண்டும். நான் எவரையும் தேடித் திரிய மாட்டேன்."

"எந்தப் பக்கம் நிற்பாய்?"

"அது தெரியாதவர் வந்துதான் என்ன பயன்?"

"வாசலருகே நில்லேன். அதுதானே எளிது."

"நான் ஏன் வாசலில் நிற்க வேண்டும்? நான் என்ன காவற்காரியா?"

இருவரும் அந்த வழக்கைப் பேசிக்கொண்டே மழையில் வீட்டுக்கு நடந்தனர். வழக்கு அவர்கள் வாழ்நாள் முழுவதும் தீரவில்லை. மூப்பர் கதவைச் சாத்திக்கொண்டு, தமக்கு மணமாகாததற்காக ஒருமுறை கடவுளுக்கு நன்றி சொன்னார். பிறகு நெடுநேரம் அந்தக் கதவருகிலேயே நின்றிருந்தார்.

ஆதலால் இதை அறிந்துகொள்ளுங்கள்: பயனுக்காகக் கொண்ட உறவு அந்தப் பயன் தீர்ந்ததும் தீரும், பயன் கருதாத அன்போ மண்ணிலும் தீராது, விண்ணிலும் தீராது.