தளவாயின் கிளி

கீழைக்குன்றத்துக் கடைவீதியில் தேர்கள் பறந்த காலம் அது. மன்னர் இளங்கொற்றன் ஒரு சட்டம் போட்டார். வீதியின் மேற்குக் கோடியில் உள்ள கல்தூணைத் தாண்டும் தேர், முரசு இருநூறு அடி அடித்த பிறகுதான் கிழக்கு வாசலைத் தொட வேண்டும். அதற்கு முன்னால் தொட்டால், தேர்க்காரர் ஒரு மாதம் அந்த வீதியில் நடந்துதான் போக வேண்டும். சிவப்புத் தலைப்பாகை கட்டிய காவலர்கள் மரத்துக்குப் பின்னாலும் மண்டபத்துக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டு முரசடித்து எண்ணினார்கள். ஊரே மெதுவாகப் போயிற்று.

தளவாய் கடம்பராயன் மட்டும் போகவில்லை. ஆனால் அவர் ஒரு நாளும் அகப்படவும் இல்லை.

காரணம் ஒரு கிளி. தேரின் முன்னால் கூண்டில் தொங்கும். சிவப்புத் தலைப்பாகை எங்கே தெரிந்தாலும், "மாமா! மாமா!" என்று கத்தும். உடனே கடிவாளம் இறுகும். தேர் மாட்டுவண்டி மாதிரி நகரும். தலைப்பாகை மறைந்ததும் மறுபடி பறக்கும். காவலர்கள் கோபுரத்தின் மேல் ஆளை ஏற்றி, தூரத்திலிருந்து எண்ணிப் பார்த்தார்கள். தளவாய் தேரில் ஒரு பெரிய வெண்கலக் கண்ணாடியைப் பொருத்தினார். வெயில் அதில் பட்டுக் கோபுரத்துக்காரன் கண்ணில் அடித்தது. அவன் கண்ணைத் திறக்கும்போது தேர் அரண்மனையில் நின்றது.

ஒரு நாள் வளையல் விற்கும் பொன்னுருவியின் காலில் அந்தத் தேர்ச்சக்கரம் ஏறியது. வீதியே பார்த்தது. சாட்சி சொல்லத்தான் யாரும் வரவில்லை. படையை வைத்திருக்கிறவரைப் பகைத்துக்கொண்டு யார் கடை நடத்துவது?

அரசவையில் மன்னர் கேட்டார். "கடம்பராயரே, அந்தக் கிளி எதற்கு?"

"செல்லக் கிளி, மகாராஜா. அதன் தாய்மாமன் நினைவாகவே இருக்கிறது, பாவம்."

"கண்ணாடி?"

"மீசை திருத்த."

மன்னர் தன் ஆலோசகர் வெள்ளியம்பலத்தின் பக்கம் திரும்பினார். "ஏழு நாள் தருகிறேன். தளவாய் வேகமாகப் போனதை நிரூபித்துக் காட்டும். கிளியைத் தொடக்கூடாது. கண்ணாடியைக் கழற்றக்கூடாது. கிளி வளர்ப்பதும் மீசை வளர்ப்பதும் குற்றம் என்று சட்டத்தில் இல்லை. முடியாவிட்டால் உமது ஆசனத்தைத் தளவாய் சொல்லும் ஆளுக்குக் கொடுத்துவிட்டு, நீர் முரசடிக்கப் போகலாம்."

வெள்ளியம்பலம் வணங்கினார்.

முதல் மூன்று நாளும் காவலர்களோடு மண்டபத்துக்குப் பின்னால் உட்கார்ந்து தேர்களை எண்ணினார். எந்தத் தேர் எத்தனை அடியில் போயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். தளவாயின் தேர் மட்டும் அவர்களைக் கடக்கும்போதெல்லாம் ஊர்ந்தது. பிறகு பொன்னுருவியைப் பார்க்கப் போனார். காலில் கட்டோடு அவள் படுத்திருந்தாள்.

"அந்தக் கிளி கத்தியிருந்தால் என் கால் தப்பியிருக்கும் சாமி," என்றாள். "அன்றைக்கு வீதியில் ஒரு காவலர்கூட இல்லை."

வெள்ளியம்பலம் அங்கிருந்து நேரே சாயக்காரர் தெருவுக்குப் போனார்.

ஐந்தாம் நாள் காலை தளவாயின் தேர் கல்தூணைத் தாண்டியது. "மாமா!" என்றது கிளி. தளவாய் கடிவாளத்தை இழுத்தார். பூக்கடைக்காரர் சிவப்புத் தலைப்பாகை கட்டியிருந்தார். எண்ணெய்க்கடைக்காரரும் கட்டியிருந்தார். உப்புவண்டிக்காரர், நாவிதர், புண்ணாக்கு வாங்க வந்தவர், எல்லார் தலையும் சிவப்பு. வாழைக்குலைக்கு மேல்கூட யாரோ ஒரு துண்டைச் சுற்றியிருந்தார்கள். அத்தனை பேரில் உண்மையான காவலர் யார் என்று தளவாய்க்கும் தெரியவில்லை, கிளிக்கும் தெரியவில்லை. கிழக்கு வாசல் வரை கிளி மாமனை அழைத்துக்கொண்டே போயிற்று. தேர் ஊர்ந்துகொண்டே போயிற்று. ஒரு கிழவர் தேரை முந்திக்கொண்டு நடந்து போனார்.

ஆறாம் நாளும் அப்படியே. கிளிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஏழாம் நாள் தளவாய் மூச்சிரைக்க அவைக்குள் நுழைந்தார். முகம் தலைப்பாகைகளைவிடச் சிவந்திருந்தது.

"மகாராஜா! இந்த வெள்ளியம்பலம் ஊர்முழுக்கச் சிவப்புத் துணி கட்டிவிட்டிருக்கிறார். உடனே தடை செய்ய வேண்டும்!"

"துணி கட்டுவது குற்றம் என்று சட்டத்தில் இல்லையே," என்றார் மன்னர்.

வெள்ளியம்பலம் பணிவாகக் கேட்டார். "அதனால் தளவாய்க்கு என்ன சிரமம்?"

"என்ன சிரமமா? கடைவீதியைத் தாண்ட முரசு முந்நூறு அடிக்கிற நேரம் ஆகிறது!"

"அடடா. முன்பெல்லாம் எவ்வளவு ஆகும்?"

"அறுபது அடிகூட ஆகாது!"

"என்றைக்கோ ஒரு நாள் அப்படிப் போயிருப்பீர்கள்."

"என்றைக்கோ ஒரு நாளா? தினமும்! இந்த நாட்டில் என் குதிரைகளுக்கு ஈடு..."

தளவாய் அங்கே நிறுத்தினார். அவை எழுத்தர் ஓலையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"அறுபதா, ஐம்பத்தொன்பதா?" என்று எழுத்தர் கேட்டார்.

"அறுபது என்றே போடும்," என்றார் மன்னர். "கடம்பராயரே, நாளை முதல் ஒரு மாதம் நடை. போகும் வழியில் பொன்னுருவியின் வளையல் கூடையை நீரே சுமந்து விற்றுக்கொடும். அவள் கால் சரியாகும் வரை."

தளவாய் தலைகுனிந்து வெளியேறினார். மன்னர் தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வெள்ளியம்பலத்துக்குப் போட்டார். "சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான்," என்றார் பெருமிதமாக. "உமக்கு இன்னும் என்ன வேண்டும்? கேளும்."

"முரசடிப்பவர்களுக்கு ஒரு சந்தேகம், மகாராஜா. தங்கள் தேர் வரும்போதும் எண்ணலாமா என்று கேட்கிறார்கள்."

"இதுவரை எண்ணவில்லையா?"

"எண்ணியிருக்கிறார்கள். வெளியே சொல்லவில்லை."

மன்னர் ஆசனத்தில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "எவ்வளவு வந்ததாம்?"

வெள்ளியம்பலம் முத்துமாலையைச் சரிசெய்துகொண்டார்.

"சொன்னால், தளவாய் தனியாக நடக்க வேண்டியிருக்காது, மகாராஜா."

மன்னர்தான் முதலில் சிரித்தார். சிரித்து முடித்ததும், தன் செருப்பைக் கொண்டுவரச் சொன்னார்.