ஊர் மிதித்த மண்

முன்னொரு காலத்தில், மேகம் தரையிறங்கி உலவும் ஒரு நாட்டைக் கேசவல்லன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் மத்தியானத் தூக்கத்தில் ஒரு கனவு கண்டானென்றால், பொழுது சாய்வதற்குள் அதை உத்தரவாக்கிவிடுவான். யார் தடுப்பது?

ஒருநாள் கனவில் தும்பிமலை வந்தது. அதன் உச்சியில் வெள்ளை வெளேரென்று நாற்பது வீடுகள். வாசல்தோறும் மலைக்குடிகள் நின்று அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். விழித்ததும், "கட்டுங்கள்!" என்றான். கட்டட அதிகாரி சிங்கராயர் ஆறே மாதத்தில் கட்டி முடித்தார்.

ராஜா ஆசை ஆசையாகப் பல்லக்கில் போய்ப் பார்த்தான். வீட்டுக்கு வீடு ஆடு படுத்திருந்தது. ஜனங்களோ சரிவில், தங்கள் புல்வேய்ந்த குடிசைகளிலேயே இருந்தார்கள். ராஜாவுக்கு மனசு சுருங்கிப்போயிற்று.

"நன்றிகெட்ட ஜனங்கள், மகாராஜா! பௌர்ணமிக்குள் குடியேறாவிட்டால் மலையைவிட்டே விரட்டிவிடுவோம்" என்றார் சிங்கராயர். தன்னைத் தவிர வேறு யாரிடமும் ராஜா யோசனை கேட்டுவிடக் கூடாது என்பதே அவருடைய ஆயுட்காலக் கவலை. ராஜாவும் வருத்தத்தில் தலையை ஆட்டிவிட, உத்தரவு ஓலை மலைக்குப் போயிற்று.

நாலு நாள் கழித்துச் சபைக்கு ஒரு பெண் வந்தாள். மலையில் தேன் எடுக்கிறவள், பெயர் கெம்பி.

"சாமி, உங்க உத்தரவு வந்த அன்னிக்கு நானும் ஒரு கனாக் கண்டேன்" என்றாள்.

சபை சிரித்தது. ராஜா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான். கனவென்றால் அவனுக்கு உயிர்.

"என்ன கனவு?"

"எங்க மலையிலே, மரத்து உச்சியிலே உங்களுக்கு ஒரு மாளிகை. அதிலே சிரிச்ச முகமா உக்காந்திருக்கீங்க. அதை நெசமாவே ஊரே சேர்ந்து கட்டிட்டோம். ஒருநாள் தங்கிப் பாருங்க சாமி. அப்புறம் எங்களை விரட்டுங்க."

"போய்த்தான் பாருங்களேன், மகாராஜா. தேன்காரி கட்டிய மாளிகை! நல்ல வேடிக்கை" என்றார் சிங்கராயர்.

ராஜா மலைக்குப் போய், மரத்தில் தொங்கிய கொடியேணியில் தொற்றி ஏறினான். மேலே மூங்கில் தரை, இலைக் கூரை. காலுக்குக் கீழே மேகம் பால்போல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நான் விழித்திருக்கிறேனா, தூங்குகிறேனா என்று அவனுக்கே தெரியவில்லை. அத்தனை சுகம்!

பிறகு காற்று வந்தது. மாளிகை தொட்டிலாக ஆடியது. மூக்கருகே தேனீக்கள் வேறு. ராஜா பாய்ந்து ஒரு கிளையைக் கட்டிக்கொண்டான்.

"எந்த மடையனின் யோசனை இது? இருக்கப்போகிறவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்று கத்தினான்.

மேகத்துக்கு அடியிலிருந்து கெம்பியின் குரல் வந்தது. "கேக்கலே சாமி. கனாவிலே சிரிச்சீங்களே, அதுவே போதும்னு இருந்துட்டோம்."

ராஜாவுக்குத் தன் நாற்பது வீடுகள் நினைவுக்கு வந்தன. வெட்கம் காதுவரை ஏறியது. இறங்கி வந்ததும், "இப்போது கேட்கிறேன், கெம்பி. என் வீடுகளில் என்ன குறை?" என்றான்.

"வாசல் மழைக்காத்தைப் பார்த்து நிக்குது. ஓடை தூரம். அதைக்கூடப் பொறுத்துக்கலாம் சாமி. ஆனா வீட்டு மண்ணை ஊரே மிதிச்சுக் குழைக்கணும். மிதிக்காத காலு அந்த வீட்டுக்குள்ளே போகாது, அது எங்க வழக்கம். உங்க வீட்டு மண்ணை நாங்க யாருமே மிதிக்கலையே."

ராஜா அங்கேயே உத்தரவு ஓலையை வாங்கிக் கிழித்துப் போட்டான். "இடத்தையும் வாசலையும் நீங்களே சொல்லுங்கள். அந்த வீடுகளைப் பிரித்துக் கல்லையும் மரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இனி இந்த வேலைக்குக் கெம்பிதான் அதிகாரி. சிங்கராயர் அவள் சொல்படி நடப்பார்!"

ஓடைப்பக்கம் வேலை தொடங்கியது. ராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் சேற்றில் ஊரோடு சேர்ந்து மிதித்தான். சிங்கராயரோ, "நானாவது, சேற்றில் இறங்குவதாவது!" என்று குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார்.

முதல் வீட்டில் அடுப்பு மூட்டிய அன்று மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் உள்ளே போனார்கள். குடை காற்றோடு போய்விட, சிங்கராயர் மட்டும் வாசலில் நனைந்துகொண்டு நின்றார்.

"மகாராஜா, உள்ளே வர உத்தரவு தாருங்கள்!"

அடுப்பருகே களி தின்றுகொண்டிருந்த ராஜா சிரித்தான். "நாடுதான் என்னுடையது, சிங்கராயரே. வீடு இவர்களுடையது. அவர்களைக் கேளும்."

கெம்பி வாசலுக்கு வந்தாள். "கொல்லைச் சுவருக்கு மண்ணு ஊறிக் கிடக்குது ஐயா. மிதிச்சுட்டு வாங்க. உங்களுக்குக் களி சூடா வெச்சிருக்கேன்."

சிங்கராயர் வானத்தைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். பிறகு சரிகைச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மண்ணில் காலை வைத்தார்.