ஈரல் பொறுக்காதது

1998ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. குன்னூரில் விடியற்காலையில் தொடங்கிய தூறல் பத்து மணிக்கும் விடவில்லை. எதிர்ச்சரிவுத் தேயிலைத் தோட்டத்தில் பாதியை மூடுபனி மறைத்திருந்தது.

அருணகிரி குடையை மடக்காமலேயே ஆய்வகத்துக்குள் நுழைந்தார்.

“எட்டு வருஷம், மேடம். நான் இங்க வந்து எட்டு வருஷம். உங்க புது மாணவி பிலோமினா வந்து பதினாலு மாசம். சென்னை மாநாட்டுல அவ பேசறாளா?”

டாக்டர் மெகருன்னிசா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் ஆசிரியர், வயது நாற்பத்து நான்கு. அருணகிரி மாணவர், வயது ஐம்பத்திரண்டு. கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கென்று மலையேறி வந்திருந்தார்.

“குடையை மடக்குங்க, சார். தரையெல்லாம் தண்ணி.”

மடக்கினார்.

“பச்சைத் தேயிலையிலிருந்து சாறு இறக்கினது யாரு? அதுல இருக்கற மருந்துச் சத்து, கேட்டச்சினைத் தனியாப் பிரிச்சது யாரு? நான். அவ என்ன பண்ணினா? எலி வயித்தைக் கிழிச்சா, தைச்சா. தையல்காரிக்கு மேடை. எனக்கு?”

“தையல் நல்லா இருக்கு, சார். இதுவரைக்கும் ஒரு எலிகூட மேஜையில சாகல.”

அந்தப் பாராட்டு அருணகிரிக்குச் சுருக்கென்றது.

“பொறாமையில சொல்றேன்னு நினைக்காதீங்க.”

“பொறாமைன்னா என்ன, சார்?”

“பொறுக்க முடியாம இருக்கறது.”

“எதை?”

விடைக்குக் காத்திராமல் ஆசிரியர் அடுத்த வினாவுக்குப் போனார்.

“கொழுப்பேறின ஈரல் ஒண்ணு. அதுக்குப் போற ரத்தத்தை ஒரு மணி நேரம் நிறுத்தறோம். அப்புறம் திறந்து விடறோம். பெரிய சேதம் எப்ப ஆகுது? நிறுத்தினப்பவா, விட்டப்பவா?”

“விட்டப்ப. ரத்தம் வர்றதைக் கொழுத்த ஈரல் தாங்காது. இது முதல் வருஷப் பாடம், மேடம். அதைத் தாங்க வைக்கத்தானே என் சாறு?”

“தெரிஞ்சா சரி.”

ஆசிரியர் மறுபடியும் நுண்ணோக்கியில் குனிந்தார்.

தாம் கேட்டதற்கு இது விடையே இல்லையென்று அருணகிரி படியிறங்கும் வரையில் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

*

மறுநாள் காலையில் கடைசிச் சோதனை தொடங்கியது.

கொழுப்புத் தீனி தின்று ஈரல் பருத்த எலிகள் பதினாறு. மேல் தட்டுக் கூண்டுகளில் எட்டு. அவற்றுக்குத் தேயிலைச் சாறு. கீழ்த் தட்டில் எட்டு. அவற்றுக்கு வெறும் தண்ணீர். ஏழு நாள்கள் குடித்த பிறகு பிலோமினா அவற்றின் ஈரலுக்குச் செல்லும் இரத்தத்தை நிறுத்தித் திறப்பாள். எந்த எலி எதைக் குடித்ததென்று அவளுக்குத் தெரியக் கூடாது. ஆகையால் புட்டிகள் எல்லாம் ஒரே பழுப்பு நிறம். நிரப்பி மாட்டுபவர் அருணகிரி ஒருவரே.

அவர் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பிலோமினா வந்தாள். கையில் ஒரு பொட்டலம்.

“பன் வாங்கிட்டு வந்தேன், சார். எலிக்கு முன்னாடி நீங்க சாப்பிடுங்க.”

“பசியில்ல. சென்னைக்குப் புடவை எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு, சார். பச்சை. உங்க தேயிலை கலர்.”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். குத்தலாகக் கேட்டவர் அவர், குத்துப்பட்டவரும் அவரே.

சோதனையின் முடிவு குழம்ப வேண்டும். அவள் கை சரியில்லையென்று நாலு பேர் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் விரும்பியது அவ்வளவுதான்.

குழப்ப நினைக்கும் வேறொருவர் நான்கு புட்டிகளை மாற்றி, நான்கை அப்படியே விட்டிருப்பார். அருணகிரிக்கு அது வரவில்லை. சாற்றுப் புட்டிகள் எட்டையும் வரிசை பிசகாமல் கீழ்த் தட்டில் மாட்டினார். தண்ணீர்ப் புட்டிகள் எட்டையும் வரிசை பிசகாமல் மேல் தட்டில் மாட்டினார். ஏழு நாள்களும் அவ்வாறே செய்தார். ஏட்டில் மட்டும் மேல் தட்டு சாறு, கீழ்த் தட்டு தண்ணீர் என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

குழப்பத்தையும் ஒழுங்காகச் செய்யவே அவருக்குத் தெரிந்திருந்தது.

*

டிசம்பர் ஒன்பதாம் நாள் ஆசிரியர் அவரை அழைத்தார். மேசைமேல் பதினாறு கண்ணாடித் தகடுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் எலியின் ஈரலிலிருந்து மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிய துண்டு. மேலே ஆசிரியர் புதிதாக இட்ட ஓர் எண் மட்டும்.

“சேதத்துக்கு மதிப்பெண் போடுங்க, சார். சேதமே இல்லைன்னா சுழி. முழுக்கப் போயிருந்தா நாலு.”

“நானா?”

“பிலோமினா போட்டா, தன் பிள்ளைக்குத் தானே மார்க் போட்ட மாதிரி ஆயிடும்.”

அருணகிரி அமர்ந்தார். முதல் தகட்டில் செல்கள் வீங்கி வெடித்திருந்தன. நான்கு போட்டார். அடுத்ததும் அவ்வாறே.

மூன்றாவது தகட்டில் அவருடைய கை நின்றது.

கொழுப்புத் துளிகள் இருந்தன. ஆனால் செல்கள் குலையவில்லை. கட்டிய சுவர்போல் வரிசையாக நின்றன. இரத்தம் நின்று, திரும்பி வந்து, கடந்து போயிருந்தது. ஈரல் தாங்கியிருந்தது.

எட்டு ஆண்டுகளாகத் தம்முடைய சாற்றை அவர் உலர்ந்து வெளிறிய தூளாகவே பார்த்திருந்தார். அது செய்யும் வேலையைக் கண்ணால் கண்டது அன்றுதான். அத்தகைய தகடுகள் எட்டு இருந்தன. கடைசித் தகட்டைப் பார்த்து முடித்தபோது மாற்றிய புட்டிகளும் ஏடும் அவர் நினைவிலேயே இல்லை.

“மேடம், காப்பாத்தியிருக்கு!”

ஆசிரியர் ஏட்டைத் திறந்து எண்களை ஒத்துப் பார்த்தார். பிலோமினா வந்து பின்னால் நின்றாள்.

“நல்லா இருக்கற எட்டும் கீழ்த் தட்டு, சார். தண்ணி குடிச்சது. கெட்டுப்போன எட்டும் மேல் தட்டு. சாறு குடிச்சது,” என்றார் ஆசிரியர்.

ஏட்டை அருணகிரியின் பக்கம் திருப்பினார்.

“ஏட்டுல இருக்கறபடி எழுதினா, தண்ணி ஈரலைக் காப்பாத்துது, உங்க சாறு கெடுக்குது.”

ஆசிரியர் பேனாவைத் திறந்தார்.

“எழுதாதீங்க, மேடம்.” பிலோமினா குறுக்கே கை நீட்டினாள். “என் கைதான் எங்கயோ பிசகியிருக்கு. ரத்தத்தை நிறுத்தக் கிடுக்கி போட்டதுல ஏதோ தப்பு. சார் சாறு மேல குத்தம் வரவே வராது. நான் சென்னைக்குப் போகல.”

அருணகிரி கேட்க விரும்பிய சொற்கள் அவை. அவள் வாயாலேயே வந்துவிட்டன. இனி அவர் பேசாமல் இருந்தால் போதும்; அவள் வீழ்வாள். அவளோடு அந்த எட்டு ஈரல்களும் பிழையென்று குப்பைக்குப் போகும்.

ஆனால் அவரைக் கூடுதலாகக் குத்தியது வேறொன்று. பழியை ஏற்பதிலும் அவள் முந்திக்கொண்டாள்.

“அவ கை சரியாத்தான் இருந்தது,” என்றார். “புட்டியை மாத்தினவன் நான்.”

“எத்தனை?”

“எட்டும் எட்டும், மேடம். ஏழு நாளும்.”

“ஒண்ணுகூடத் தப்பலையா?”

“ஒண்ணுகூட.”

ஆசிரியர் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

“உங்க சாறு நல்லா வேலை செய்யுது, சார். தேதி போட்டு எழுதுங்க.”

*

அருணகிரி நான்கு வரிகள் எழுதிக் கையொப்பமிட்டார். பிலோமினா வெளியே போனாள். அடுத்த சில வாரங்களுக்கு அவருக்கு அவள் கொடுத்தது காலை வணக்கம் மட்டுமே. அந்தச் சோதனை தள்ளுபடி செய்யப்பட்டது. ஜனவரியில் அதையே மறுபடியும் நடத்தினார்கள். புட்டிகளை ஆசிரியரே நிரப்பினார். சாறு குடித்த எட்டு எலிகளின் ஈரல்களும் தாங்கின. மார்ச் மாதம் சென்னை மாநாட்டில் பிலோமினா பேசினாள். கட்டுரையில் அருணகிரியின் பெயர் மூன்றாவதாக இருந்தது. அவர் ஐந்தாம் வரிசையில் அமர்ந்திருந்தார். அவள் பேசி முடித்தபோது அரங்கம் கைதட்டியது. அவரும் தட்டினார், மற்றவர்களைவிடச் சற்று முன்னதாக நிறுத்திக்கொண்டார்.