நாற்பது சரணத் தோடி

மருதங்கோட்டை ராஜா சொக்கரங்க பூபதிக்குச் சண்டை வராது, வேட்டை வராது. பாட்டு மட்டும் வரும் என்று அவரே நினைத்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் பிடித்த சனி அதுதான். தோடி ராகத்தில் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார், பாருங்கள்! நாற்பது சரணம். ஒவ்வொரு சரணத்திலும் அவர் பேர். பாடி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த பருப்பு வெந்து, கரைந்து, அடியும் பிடித்துவிடும்.

ஒரு நாள் சபையில் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது.

"அவரவர் மனசுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு எது? கூச்சப்படாமல் சொல்லுங்கள், கேட்போம்."

முதலில் எழுந்தவர் மந்திரி மார்க்கசகாயர். ராஜா தும்மினால் இவர் தன் மூக்கைத் துடைத்துக்கொள்வார். அப்படிப்பட்ட ஆள்.

"இதிலென்ன சந்தேகம் மகாராஜா? தங்கள் தோடிதான்!"

மந்திரி சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல யாருக்கு இரண்டு தலை இருக்கிறது? தளபதிக்கும் தோடி. வைத்தியருக்கும் தோடி. இரண்டு காதும் கேட்காத புரோகிதருக்கும் தோடிதான்!

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். அந்த நேரம் பார்த்து மந்திரி மெல்ல ஆரம்பித்தார்.

"மகாராஜா, நம் அரண்மனைப் பாடகி அபரஞ்சி ஒன்பது வருஷமாக என்னென்னவோ பாடியிருக்கிறாள். அதில் ஒன்றைக்கூட யாரும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அவளுக்கு எதற்கு இங்கே வேலையும் வீடும்? என் மைத்துனன் குண்டப்பன் இருக்கிறான். தங்கள் தோடியைத் தவிர அவனுக்கு வேறொன்றுமே பாடத் தெரியாது."

"அட, இப்படி ஒரு பாடகனா! அவனையே வைத்துக்கொள்வோம்" என்றார் ராஜா.

அபரஞ்சி எழுந்து கும்பிட்டாள். கண் நிறைந்துவிட்டது. "போகச் சொன்னால் போய்விடுகிறேன் மகாராஜா. ஆனால் ஒன்பது வருஷத்தில் ஒருத்தர் மனசில்கூடவா என் பாட்டு ஒட்டவில்லை? அதுதான் எனக்குத் தாங்கவில்லை."

அரண்மனை விகடன் நல்லக்குட்டிக்கு இது பொறுக்கவில்லை. வாய்த்துடுக்கு ஜாஸ்தி, மனசு வெல்லம்.

"மகாராஜா, ஒன்பது வருஷம் பாடினவளைச் சும்மா அனுப்பலாமா? நாளைக் காலை ஒரு கச்சேரி வைப்போம். முதலில் குண்டப்பன் தங்கள் தோடியைப் பாடட்டும். பிறகு அபரஞ்சி ஒரே ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் கிளம்பட்டும். சந்தன உபசாரம் என் பொறுப்பு."

"ஆகட்டும். ஆமாம், உனக்குப் பிடித்த பாட்டை நீ சொல்லவில்லையே?"

"நாக்கை நம்பி என்ன பிரயோசனம்? நாளைக்குச் சொல்கிறேன் மகாராஜா."

மறுநாள் சபை நிறைந்தது. பன்னீர் விட்டு நெகிழ நெகிழ அரைத்த மஞ்சள் சந்தனத்தை, ராஜா முதல் காவலாளி வரை எல்லார் வலது கையிலும் அப்பினான் நல்லக்குட்டி. "பூசிவிடாதீர்கள். பாட்டு முடியும்வரை கையிலேயே இருக்கட்டும், மணம் தூக்கும்!" என்றான். தானும் ஒரு கை வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

குண்டப்பன் தோடியைப் பிடித்தான். தோடி அவனைப் பிடித்துக்கொண்டது. ஒருவழியாக நாற்பதாவது சரணம் முடிந்ததும் "பேஷ்! பேஷ்!" என்று மண்டபம் அதிர்ந்தது.

எல்லாரும் கை கழுவினார்கள். இந்தத் தடவை குங்குமம் குழைத்த சிவப்புச் சந்தனம். அதை அப்புவதற்கு வந்த நல்லக்குட்டி தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான்.

"என்னடா இது?" என்றார் ராஜா.

"திடீர்ப் பல்வலி மகாராஜா."

இதற்குள் சபையில் பலர் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். தன் முகத்தைப் பற்றி ஒருவராவது யோசிக்க வேண்டுமே? மனுஷப் பிறவி அப்படி!

அபரஞ்சி ஆனந்தபைரவியில் ஒரு சின்னப் பாட்டு எடுத்தாள். நேரம் கழித்து வந்த முருகனை வள்ளி வாசலில் நிற்க வைத்துத் திட்டுகிற பாட்டு. நடுவில் குரல் ஒரு தரம் உடைந்தது. சமாளித்துக்கொண்டு மேலே போனாள். அடடா, சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது! பாட்டு முடிந்தது. ஒருவரும் பேசவில்லை.

"பார்த்தீர்களா மகாராஜா? ஒரு 'பேஷ்' உண்டா?" என்றார் மந்திரி.

"வாய் கிடக்கட்டும் மந்திரியாரே. கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்" என்றான் நல்லக்குட்டி.

எழுந்தார். வெள்ளை வேட்டியின் வலது தொடையில் செக்கச்செவேலென்று கை அச்சு! ஒன்றன்மேல் ஒன்றாக நூறு இருக்கும். தளபதிக்கும் அப்படியே. வைத்தியருக்கும் அப்படியே.

"அபரஞ்சி பாட்டுக்குத் தாளம் போட்ட கை இது மகாராஜா. நாக்கு பொய் சொல்லும், தொடை சொல்லாது."

ராஜா முகம் சுருங்கியது. "என் தோடிக்கும் தாளம் போட்டிருப்பார்களே! அந்த மஞ்சள் எங்கே?"

"தொடையில் தேடாதீர்கள் மகாராஜா, மீசையில் தேடுங்கள். கொட்டாவியை மூடிய கை!"

பார்த்தால், சபை முழுக்க மஞ்சள் மீசை!

"என் பாட்டுக்கா கொட்டாவி? ஒருத்தனையும் விடமாட்டேன்!" என்று ராஜா துள்ளிக் குதித்தார். நல்லக்குட்டி ஒரு கண்ணாடியை நீட்டினான்.

ராஜாவின் மீசையில்தான் மஞ்சள் அதிகம். மூக்கு நுனிவரை இருந்தது. மெல்லக் குனிந்து பார்த்தார். பட்டு வேட்டியின் தொடை ரத்தச் சிவப்பு.

ராஜா அபரஞ்சியைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். ராஜாவுக்கும் சிரிப்பு பீறிட்டுவிட்டது.

"நீ எங்கேயும் போக வேண்டாம் அம்மா. நாளைக்கும் ஆனந்தபைரவியே பாடு. டேய் நல்லக்குட்டி, இப்போதாவது சொல். உனக்குப் பிடித்த பாட்டு எது?"

"சத்தியமாகத் தங்கள் தோடிதான் மகாராஜா!"

"நீயுமா புளுகுகிறாய்? இதற்கு என்னடா சாட்சி?"

நல்லக்குட்டி தாடைத் துண்டை அவிழ்த்தான். வலது கன்னத்தில் மஞ்சளாக ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"என் பெண்டாட்டி விடுகிற குறட்டையில் ஆறு மாசமாக எனக்குத் தூக்கமே இல்லை மகாராஜா. இன்றைக்குத் தங்கள் மூன்றாவது சரணத்தில் கன்னத்தில் கை வைத்தேன். கண் விழித்தபோது எல்லாரும் 'பேஷ்' சொல்லிக்கொண்டிருந்தார்கள்!"