மேல்நோக்கியதும் கீழ்நோக்கியதும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா, வேட்டைக்குப் போன வழியெல்லாம் நிலங்களைக் காட்டி, "இது யாருடையது?" என்று கேட்டுக்கொண்டே போனார். "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து எங்களுது மகாராசா" என்றே எல்லோரும் சொன்னார்கள். காட்டுவதற்கு உரிமை ஓலைதான் பலரிடம் இல்லை. ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஓலை இல்லாத நிலம், முதலில் வந்து கேட்பவருக்கே சொந்தம் என்று பறையறைவித்தார்.

முதலில் கேட்டவர் நில அதிகாரி அனந்தகோபன். ஆற்றங்கரையில் செம்பாயி என்பவளின் தென்னந்தோப்பு மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். அரசவை விகடகவி சாத்தப்பன் மேல் வெகுநாளாகப் பொறாமை. தோப்புக்கு ஓலை வாங்கிய கையோடு அவர் அவையில் சொன்னார்:

"பிரபோ! 'அந்நிலத்தில் மேல்நோக்கியதும் கீழ்நோக்கியதும் யாவும்' எனக்கு என்று ஓலை எழுதித் தந்தீர்கள். மேல்நோக்கிய மரத்தையும் கீழ்நோக்கிய கிணற்றையும் சாத்தப்பனே பார்த்து எனக்கு ஒப்படைக்கட்டும். ஒன்று குறைந்தாலும் அவன் இந்த அவைக்கு வரக்கூடாது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா, வேடிக்கை பார்க்கும் ஆசையில்.

சாத்தப்பன் தோப்புக்குப் போனபோது செம்பாயி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓலை எதுவும் இல்லியா தாயி?"

"இருந்துச்சுய்யா. வெள்ளத்துல வீடு போச்சு. வீட்டுக்குள்ள இருந்த எம் புருசனும் போனாரு. ஓலை மட்டும் கரையேறியா நிக்கும்?"

சாத்தப்பன் தோப்பிலிருந்த குடிசைக்குள் எட்டிப் பார்த்தான். தூளியில் ஒரு கைக்குழந்தை கூரையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவளுடைய மாமனார் மருதன், முதுகு வளைந்து போனவர், தரையைப் பார்த்தபடியே தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் அங்கேயே நின்றான் சாத்தப்பன்.

"நாளைக்கு இவங்க ரெண்டு பேரையும் எங்கூட அனுப்புறியா?"

செம்பாயி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நானும் வரேன்."

மறுநாள் அவை கூடியது. செம்பாயியைக் காவலர்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சாத்தப்பன் பெரியவரைக் கைப்பிடித்து உள்ளே அழைத்து வந்தான். குழந்தையை அனந்தகோபனின் மடியில் மல்லாக்கக் கிடத்தினான்.

"மரமும் கிணறும் இடத்திலேயே இருக்கின்றன. மிச்சத்தைக் கொண்டுவந்தேன். இதோ, மேல்நோக்கியது!" பெரியவரைப் பக்கத்தில் நிறுத்தினான். "இதோ, கீழ்நோக்கியது! ஒன்றும் குறையவில்லை, ஐயா. இனி இருவரும் தங்கள் பொறுப்பு. குழந்தைக்குப் பால் புகட்ட வேண்டும். பெரியவருக்குக் கால் பிடித்துவிட வேண்டும்."

குழந்தை பட்டு வேட்டியை நனைத்தது. பிறகு வீறிட்டு அழத் தொடங்கியது.

"ஐயோ! இதை எடு!"

"ஒன்று குறைந்தாலும் நான் அவைக்கு வர முடியாதே, ஐயா?"

"குறையட்டும்! எதுவுமே எனக்கு வேண்டாம்!"

"எதுவுமே வேண்டாமாம், பிரபோ" என்றான் சாத்தப்பன்.

"புள்ள அழுவுதே. செம்பாயி எங்க?" என்று பெரியவர் தலையை நிமிர்த்த முடியாமல் கையால் துழாவினார். வாசலில் நின்றவள் காவலர்களைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையால் பெரியவரின் கையைப் பிடித்தாள். அழுகை நின்றது.

ராஜா கேட்டார்: "அம்மா, இதெல்லாம் உனக்கு வேண்டுமா?"

"வேணாம்னு நான் எப்ப சாமி சொன்னேன்?"

ராஜா சொன்னார்: "ஓலை எழுதுவதற்கு முன் அங்கே யார் வாழ்கிறார்கள் என்று கேட்காதது என் தவறு. இனி நிலத்துக்கு நேரில் போய், குடியிருப்பவரையும் அக்கம்பக்கத்தாரையும் விசாரிக்காமல் ஒரு ஓலையும் எழுதக்கூடாது. தோப்பு செம்பாயிக்கே."

அனந்தகோபன் ஈர வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அதைப் பார்த்து ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார்.

அப்போது பெரியவர் சாத்தப்பனின் கையைச் சுரண்டினார். "தம்பி, ராசா எப்படி இருப்பாரு? எனக்கு அவரு காலுதான் தெரியுது."

அது ராஜாவின் காதிலும் விழுந்தது. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பெரியவருக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினார்.

பெரியவர் பார்த்தார். "அட, சிரிக்கிறாரு!" என்றார்.