தணிகாசலத்தோட ரேடியேட்டர்

"அம்மா, ராத்திரியில தூக்கமே வரல"ன்னாரு தணிகாசலம்.

இவரு மலைமேல இருக்குற மடத்துல ஸ்கூல் வேன் ஓட்டுற சீடர். சொன்னது குரு மங்கையர்க்கரசிகிட்ட. குருவுக்கு இவரு மக வயசு. வாய்க்கு மட்டும் மாமியார் வயசு.

"பகல்ல?"

"பகல்ல நல்லா வருதும்மா. நேத்து ஓட்டும்போதே வந்துடுச்சு. புள்ளைங்க கத்தலன்னா ஏரியில இறங்கியிருப்போம்."

குரு சிரிக்கல.

"நாள் பூரா என்ன பண்றீங்க?"

"வேன்ல உக்காருவேன். வந்து தியானத்துல உக்காருவேன். அப்புறம் பந்தியில உக்காருவேன்."

"வேலையே பாக்காத உடம்பு எதுக்குத் தூங்கணும்? தெனமும் தோப்புக்கரணம் போடுங்க. தூக்கம் சரியாகுற வரைக்கும் ஸ்டியரிங்கத் தொடக் கூடாது. ஆகலன்னா வேற டிரைவர்."

தணிகாசலத்துக்கு வேன்தான் உசுரு.

அன்னைக்கே பாய விரிச்சு வச்சிட்டு, பக்கத்துல நின்னு போட்டாரு பாருங்க, பிள்ளையாரே போதும்டாங்குற அளவுக்கு. போட்ட கையோட படுத்தாரு.

நெஞ்சு தவிலடிச்சுது. கண்ணு ஆந்தையா முழிச்சுது.

தெனமும் இதே கதை. அந்த வாரக் கடைசியில செவந்த கண்ணோட வந்து நின்னாரு.

"அம்மா, இருந்த கொஞ்சநஞ்ச தூக்கமும் போச்சு."

"எப்போ போடுறீங்க?"

"படுக்குறதுக்கு முன்னாடிதான். சூட்டோட சூடா தூங்கிடலாம்னு."

அந்த நேரம் பாத்து வேன் மலை ஏறி வந்து நின்னுச்சு. ஓட்டிட்டு வந்த மாத்து டிரைவர் இன்ஜின நிறுத்திட்டு இறங்கினான்.

"அந்த ரேடியேட்டர் மூடியத் திறங்க"ன்னாங்க குரு.

தணிகாசலம் ரெண்டடி பின்னாடி போனாரு.

"மூஞ்சி வெந்துடும்மா."

"அதான் இன்ஜின நிறுத்தியாச்சே."

"நிறுத்தினா? உள்ள கொதிச்சிக்கிட்டுல்ல இருக்கும். ஆற விடணும். இதுகூடத் தெரியாமயா நீங்க குருவா..."

சொல்லிக்கிட்டு இருக்கும்போதே கை தானா தன் நெஞ்சத் தொட்டுப் பாத்துது.

மறுநாள் வெயில் சாயும்போதே தோப்புக்கரணத்த முடிச்சாரு. குளிச்சாரு. சாப்பிட்டாரு. குரு பேசுறதக் கேக்க கடைசி வரிசையில போய் உக்காந்தாரு.

குரு மன அமைதியப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. கடைசி வரிசையில குறட்டை.

பக்கத்துல இருந்த சீடர் அவரக் கிள்ளப் போனாரு.

"விடுங்க. வாரம் பூரா இப்படித் தூங்கினா வேன் இவருக்குத்தான்."

"நீங்க பேசிக்கிட்டு இருக்கீங்களேம்மா."

"ஆமா. இவரு ஒருத்தருதான் கேட்டிருக்காரு."